பாட்டில் அழுகிற 'நான்' யார்?

2016 செப்டம்பரில் ராக் பாடகர் நிக் கேவும் அவருடைய பேட் சீட்ஸ் குழுவும் 'ஸ்கெலிடன் ட்ரீ' என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். முதல் பாட்டின் முதல் வரியிலேயே ஒருவன் வானத்திலிருந்து விழுகிறான். அடூர் ஆற்றுக்கு அருகே ஒரு வயலில் வந்து மோதுகிறான். அந்த ஆறு இங்கிலாந்தின் தென்கரையில், பிரைட்டன் நகருக்குச் சற்று மேற்கே கடலில் கலக்கிறது. கேவ் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர் பிரைட்டன். 2015 ஜூலையில் அவருடைய 15 வயது மகன் ஆர்தர் அந்த ஊரை ஒட்டிய கடலோரச் செங்குத்துப் பாறையிலிருந்து விழுந்து இறந்திருந்தான்.

இதைத் தெரிந்துகொண்டு கேட்டவர்களுக்கு வேறு விளக்கமே தேவைப்படவில்லை. மகனை இழந்த தகப்பன் பாடுகிறார், அவ்வளவுதான் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஆனால் அந்த ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்கள் மகன் இறப்பதற்கு முன்பே எழுதப்பட்டவை. சில வரிகளைத்தான் கேவ் பிறகு மாற்றினார். அந்த முதல் வரி கேட்பவரின் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது என்பது உண்மை. அதற்காக அதை ஒரு மரணச் செய்தியாக வாசித்துவிட முடியாது.

சோகப் பாடல்களைப் பற்றி எனக்குச் சொல்லத் தோன்றுவதெல்லாம் இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. பாடகருக்கு நேர்ந்ததற்கும் பாட்டில் நடப்பதற்கும் நடுவே ஒரு தூரம் உண்டு. அந்தத் தூரத்தை மதிக்கத் தெரிந்தால் இருண்ட ராக் இசை ஒரு புதியவருக்கும் திறந்துகொள்ளும்.

'இருண்ட ராக்' என்பது கறாரான இசை வகை அல்ல. 1970களின் கடைசியில் இங்கிலாந்தில் பங்க் என்ற அதிவேக ராக் அலை ஓய்ந்தபோது, அதன் கோபத்தை வைத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்த குழுக்கள் பல தோன்றின. அவற்றுக்குப் போஸ்ட் பங்க் என்று பெயர் வந்தது. அதன் ஒரு கிளை, இருட்டையும் சாவையும் விரும்பிப் பாடிய காத் (goth) ராக் ஆனது. இன்னொரு பக்கம், பாட்டுக்குப் பல்லவியும் சரணமும் வேண்டும், தாளம் சீராக ஓட வேண்டும் என்கிற கட்டாயத்தையே உதறிய பரிசோதனைக்காரர்கள் இருந்தார்கள். இவர்களைச் சேர்த்துப் பார்க்க வைப்பது மெட்டின் சாயல் அல்ல. துக்கத்தை இனிமையாக்கித் தராமல், அதற்குள்ளேயே நின்று பார்க்கும் பிடிவாதம்தான்.

தமிழ் வாசகருக்கு இந்தப் பாடல்களை அணுக ஒரு நல்ல சாவி ஏற்கெனவே கையில் இருக்கிறது. பள்ளியில் அகப்பாடல் படித்தபோது பாட்டோடு 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்று ஒரு குறிப்பு இருந்தது நினைவிருக்கும். குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் ஒரு பெண் பேசுகிறாள். தன்னோடு கூடியவன் சொன்ன சொல்லை மறந்துவிட்டால் தனக்கென்று சாட்சி சொல்ல யாருமில்லை, அன்றைக்கு அங்கே ஒரு குருகுப் பறவை மட்டும்தான் நின்றது என்கிறாள். எழுதியவர் கபிலர். கபிலரை யார் கைவிட்டார்கள் என்று நாம் கேட்பதில்லை. அது தலைவியின் குரல், கபிலர் அந்தக் குரலை உண்டாக்கியவர் என்று பிரித்துப் பார்க்க நமக்குச் சிறுவயதிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ராக் பாட்டுக்கு வந்ததும் இந்தப் பழக்கத்தை எப்படியோ மறந்துவிடுகிறோம். மைக்கின் முன்னால் நிற்பவர் 'நான்' என்று சொன்னால் அவரையே நினைத்துக்கொள்கிறோம். பாட்டின் தலையில் 'இன்னார் கூற்று' என்று நாமே ஒரு குறிப்பு எழுதிப் பார்ப்பது நல்ல தொடக்கம்.

ஜாய் டிவிஷன் குழுவின் பாடகர் இயன் கர்டிஸை எடுத்துக்கொள்வோம். மான்செஸ்டருக்குத் தெற்கே உள்ள மேக்கிள்ஸ்ஃபீல்ட் என்ற ஊரில் அவர் அரசு வேலைவாய்ப்பு அலுவலகம் ஒன்றில் பணி செய்தார். மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித் தருவது அவருடைய பொறுப்பு. அங்கே வலிப்பு நோய் உள்ள ஓர் இளம்பெண் வேலை கேட்டு வந்துகொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் வருவது நின்றது. வேலை கிடைத்திருக்கும் என்று அவர் நினைத்தார். அவள் இறந்துபோனது பிறகுதான் தெரிந்தது. 'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' என்ற பாட்டு அதிலிருந்து பிறந்தது. தலைப்பிலேயே 'அவள்' இருக்கிறாள், கட்டுப்பாட்டை இழந்துவிட்டவள். பாடுகிறவன் அருகில் நின்று பார்க்கிறவன். மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஓர் அலுவலர், அந்தப் பக்கத்து உயிரைத் தன்னால் காப்பாற்ற முடியாததைப் பாடுகிறார்.

1979 ஜனவரியில் கர்டிஸுக்கே வலிப்பு நோய் இருப்பதாக மருத்துவர்கள் உறுதி செய்தார்கள். பாட்டு அதற்கு முன்பே இருந்தது. இப்போது அதே வரிகளைப் பாடும்போது அவர் மேசையின் மறுபக்கத்துக்கு வந்துவிட்டார். மேடையில் கைகளை வீசி, உடல் துடிக்க அவர் ஆடும் ஆட்டம் எல்லோருக்கும் தெரிந்தது. சில இரவுகளில் ஆட்டம் எங்கே முடிந்தது, வலிப்பு எங்கே தொடங்கியது என்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. 1980இல் அந்தப் பாட்டை நீண்ட வடிவில் மறுபடி பதிவு செய்தபோது கடைசியில் ஒரு புதிய பத்தி சேர்ந்தது. அதில் வருவது 'அவள்' அல்ல, 'நான்'. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரு பாட்டு தன் கூற்றை மாற்றிக்கொள்வதை இவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் கேட்டதில்லை.

1980 மே 18 அன்று, 23 வயதில், அமெரிக்கப் பயணத்துக்குக் குழு புறப்பட இருந்த நேரத்தில், கர்டிஸ் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 'க்ளோசர்' என்ற இரண்டாவது ஆல்பம் ஜூலையில் வந்தது. அட்டையில் ஜெனோவா நகரத்துக் கல்லறைச் சிற்பம் ஒன்றின் புகைப்படம். சாவை வைத்து விற்கிறார்களோ என்று தோன்றக்கூடிய படம்தான். ஆனால் அது கர்டிஸ் உயிரோடு இருந்தபோதே குழுவினர் விரும்பித் தேர்ந்தெடுத்தது. அன்றிலிருந்து அவருடைய பாடல்கள் எல்லாவற்றையும் ஒரு கடைசிக் கடிதம் போல வாசிக்கும் வழக்கம் நிலைத்துவிட்டது. எனக்கு இது பெரிய அநியாயமாகவே படுகிறது. அந்த இளைஞர் சொற்களைத் தேடி, அடித்து, மாற்றி எழுதிய ஒரு கவிஞர். கடைசிக் கடிதமாக மட்டும் வாசிக்கும்போது அவருடைய கைத்திறன் முழுவதும் மறைந்து, அவர் இறந்த விதம் மட்டும் மிஞ்சுகிறது. இறந்துபோன அந்தப் பெண்ணும் பாட்டிலிருந்து காணாமல் போகிறாள்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இன்னொருவரின் நிலையில் தன்னை வைத்து எழுத இயனுக்கு எவ்வளவு நன்றாக வருகிறது என்று தான் வியந்ததாகவும், அவர் தன்னைப் பற்றியே எழுதுகிறார் என்று ஒருபோதும் நம்பவில்லை என்றும் டிரம்ஸ் வாசித்த ஸ்டீஃபன் மோரிஸ் பின்னாளில் சொன்னார். அதாவது நண்பர்கள் அவரைக் கபிலரைப் போல வாசித்தார்கள். பாட்டைக் கேட்க அது சரியான வழி. பக்கத்தில் நிற்கிற நண்பனைக் கேட்க அது போதவில்லை. பாட்டை டைரியாகப் படிக்காதீர்கள் என்று சொல்கிற நான் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஓர் ஆல்பத்தைக் கேட்பவர் கூற்றைப் பிரித்துப் பார்க்கலாம். தெரிந்த ஒருவர் திரும்பத் திரும்ப இருட்டையே எழுதிக் காட்டினால், இது யார் கூற்று என்று அவரிடமே நேராகக் கேட்டுவிடுவது நல்லது.

சொற்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். இந்த இசையில் துக்கத்தின் பாதி ஒலியில் இருக்கிறது. ஜாய் டிவிஷனின் முதல் ஆல்பமான 'அன்னோன் ப்ளெஷர்ஸ்' 1979 ஜூனில் வந்தது. மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் அதைப் பதிவு செய்தவர் மார்ட்டின் ஹானெட் என்ற தயாரிப்பாளர். குழுவினர் மேடையில் வாசித்தது முரட்டுத்தனமான, நெருக்கமான ராக். ஹானெட் அதைப் பிரித்துப் போட்டார். டிரம்ஸை ஆளில்லாத கூடத்தில் ஒலிப்பது போல ஆக்கினார். ஸ்டுடியோவின் லிஃப்ட் ஓசையைப் பதிவுக்குள் கொண்டுவந்தார். 'இன்சைட்' என்ற பாட்டுக்குக் கர்டிஸின் குரலைத் தொலைபேசிக் கம்பி வழியாகப் பதிவு செய்தார், வேண்டிய அளவு தூரம் கிடைக்க வேண்டும் என்பதற்காக. மறுமுனையிலிருந்து வரும் குரல் அது. தனிமை என்ற சொல்லைப் பாடாமலே தனிமையைக் கேட்க வைத்துவிட்டார். தங்கள் இசையின் வேகத்தைக் குறைத்துவிட்டார் என்று குழுவில் சிலருக்கு வருத்தம். பிறகு வந்த எத்தனையோ குழுக்கள் தேடி ஓடியது அந்தத் தூரத்தைத்தான்.

இதற்கு நேர்மாறான உத்தியும் உண்டு. அதே குழுவின் 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' ஒரு திருமணம் உள்ளுக்குள் இற்றுப்போவதைச் சொல்லும் பாட்டு. சின்தசைசரில் வரும் அதன் மெட்டோ மலர்ச்சியானது, கால் தானாகத் தாளம் போடும். சொல் ஒரு பக்கமும் மெட்டு இன்னொரு பக்கமும் இழுக்கும்போது நடுவில் மாட்டிக்கொள்வது கேட்பவரின் மனசு. முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு கெட்ட செய்தி சொல்பவரின் முன்னால் உட்கார்ந்திருப்பது போன்ற நிலை அது. சோகப் பாட்டு என்றால் மெதுவாக, மந்தமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

பேசுபவர் மாறினால் பொருளும் மாறும் என்பதற்கு 'ஹர்ட்' என்ற பாட்டைவிடச் சிறந்த சான்று கிடையாது. ஒன்பது அங்குல ஆணிகள் என்று பொருள்படும் பெயர் கொண்ட நைன் இன்ச் நெயில்ஸ் குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர் 1994இல் வெளியிட்ட ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இரைச்சலும் முணுமுணுப்பும் கலந்த அந்தப் பதிவில் பேசுவது தன்னையே வெறுக்கும் ஓர் இளைஞன். போதையும் அவமானமும் அவனைத் தின்றுகொண்டிருக்கின்றன. 2002இல் அமெரிக்க நாட்டுப்புற இசையின் பெரியவரான ஜானி கேஷ் அதைப் பாடினார். வயது 70. உடல் தளர்ந்திருந்தது. வரிகளில் ஒரு சொல்லை மட்டும் மாற்றினார்: தலையில் இருக்கும் மகுடத்தைக் குறிக்கும் இடத்தில் இருந்த வசைச் சொல்லுக்குப் பதிலாக 'முள்' என்று வைத்தார். அந்த ஒரு சொல்லால் ஏசுவின் நிழல் பாட்டில் விழுந்துவிட்டது. மற்றதெல்லாம் அப்படியே இருக்க, பேசுபவர் ஒரு கிழவர் ஆனார். கட்டியதெல்லாம் மண்ணாகப் போவதைக் கண்ணெதிரே பார்க்கிறவர். பாட்டின் வீடியோவில், மூடப்பட்டுப் பாழடைந்து கிடந்த அவருடைய சொந்த அருங்காட்சியகமே காட்சியாக வருகிறது. மாடிப்படியில் நின்று அவரைப் பார்க்கும் மனைவி ஜூன் கார்ட்டர், 2003 மே மாதம் இறந்தார். செப்டம்பரில் கேஷும் போய்விட்டார். வீடியோவைப் பார்த்த ரெஸ்னர், இந்தப் பாட்டு இனித் தன்னுடையது இல்லை என்று உணர்ந்ததாகச் சொன்னார்.

தொல்காப்பியம் அழுகைக்கு நான்கு காரணங்கள் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்றால் இகழப்படுதல். இழவு, உயிரோ பொருளோ இழத்தல். அசைவு என்பதற்கு முன்பு இருந்த நல்ல நிலை கெட்டு வருந்துவது என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். வறுமைக்கு விளக்கம் வேண்டாம். ரெஸ்னர் பாடும்போது 'ஹர்ட்' இளிவின் பாட்டு. கேஷ் பாடும்போது அசைவின் பாட்டு. சோகம் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவைக்கும்போது இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை. எந்த வகை அழுகை என்று ஒரு கேள்வி கேட்டாலே பாட்டு பாதி விளங்கிவிடும்.

பரிசோதனைக்காரர்களில் சிலர் 'நான்' என்பதையே ஓரங்கட்டிவிட்டார்கள். ஸ்காட் வாக்கர் 1960களில் வாக்கர் பிரதர்ஸ் குழுவில் பாடி, பெண்கள் கூச்சலிட்டுத் துரத்திய புகழ் கண்டவர். அந்தப் புகழை விட்டு விலகி, பல ஆண்டுகளுக்கு ஒரு முறை மட்டும் ஓர் ஆல்பம் தந்தார். ஒவ்வொன்றும் முந்தையதைவிட இருண்டது. 2006இல் வந்த 'த ட்ரிஃப்ட்' ஆல்பத்தில் 'கிளாரா' என்ற பாட்டு இருக்கிறது. முசோலினியின் காதலி கிளாரா பெட்டாச்சியைப் பற்றியது. 1945 ஏப்ரலில் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், மிலான் நகரச் சதுக்கத்தில் உடல்கள் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டன. அந்தச் செய்திப்படத்தைச் சிறுவயதில் பார்த்த அதிர்ச்சி வாக்கரை விடவில்லை. பாட்டில் ஒரு மொத்தையான அடி திரும்பத் திரும்பக் கேட்கும். அது டிரம் அல்ல. ஸ்டுடியோவில் ஒரு பெரிய பன்றி இறைச்சித் துண்டை வைத்துக் கையால் குத்திப் பதிவு செய்த ஓசை. இறந்த உடலைக் கூட்டம் அடித்ததைச் சொல்ல வாக்கருக்கு உருவகம் தேவைப்படவில்லை. கேட்கும்போது குமட்டும். அந்தக் குமட்டல்தான் பாட்டின் அறம் என்று நினைக்கிறேன். வெறுக்கத்தக்க ஒரு சர்வாதிகாரியோடு சேர்த்துத் தொங்கவிடப்பட்ட ஒரு பெண்ணுக்காக நாம் ஒரு கணம் கூசிப்போகிறோம். அந்த இரக்கத்தைக் கேட்டு வாங்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. புதியவர்கள் இதை முதலில் கேட்க வேண்டாம். எனக்கே முதல் முறை பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது.

நீகோவின் 'த மார்பிள் இண்டெக்ஸ்' அவ்வளவு முரட்டுத்தனமானதல்ல, ஆனால் குளிர் அதிகம். 1968இல் வந்த அந்த ஆல்பத்தில் அவர் வாசிப்பது ஆர்மோனியம். நாடக மேடையிலும் பஜனை மடத்திலும் கேட்டுப் பழகிய நம் காதுக்கு அந்தக் கருவியின் மூச்சு தெரிந்ததுதான். ஆனால் இங்கே அது பாட்டைத் தாங்கிப் பிடிப்பதில்லை. ஒரே சுருதியில் உறைந்து நிற்கிறது, அதன் மேல் ஜான் கேலின் வயோலா கீறுகிறது. ஜெர்மானியரான நீகோ தன் தாய்மொழி அல்லாத ஆங்கிலத்தில் எழுதினார். சொற்கள் ஒவ்வொன்றும் தனியாகச் செதுக்கி வைத்தது போல இருக்கும். என்ன சோகம் என்று கடைசிவரை சொல்வதே இல்லை. சொல்லாததை இட்டு நிரப்ப வேண்டாம் என்பதே என் எண்ணம். சில பாட்டுகளுக்குப் பொருள் தேடுவதைவிட அவற்றின் வெப்பநிலையை உணர்வதே போதும்.

சில நேரங்களில் 'நான்' என்பது உண்மையிலேயே பாடுகிறவர்தான், அதையும் மறுக்கக் கூடாது. த க்யூர் குழு 2008க்குப் பிறகு 16 ஆண்டுகள் புதிய ஆல்பம் எதுவும் வெளியிடவில்லை. 2024 நவம்பரில் வந்த ஆல்பத்தில் ராபர்ட் ஸ்மித் தன் அண்ணன் ரிச்சர்டின் மரணத்தைப் பாடினார். அது யாரைப் பற்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார். அங்கே மறைவு எதுவும் இல்லை. பாடியவர் சொல்லும்போது ஏற்றுக்கொள்வோம், அவர் சொல்லாதபோது நாமாகக் கற்பிக்க வேண்டாம்.

இவ்வளவு இருட்டை ஏன் விரும்பிக் கேட்கிறார்கள் என்று வீட்டில் யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது? 2014இல் லீலா தருஃபி, ஸ்டெஃபான் கோல்ஷ் என்ற இரு ஆய்வாளர்கள் பெர்லினிலிருந்து நடத்திய ஆய்வில் 772 பேரிடம் சோக இசை என்ன உணர்வைத் தருகிறது என்று விசாரித்தார்கள். அதிகமாக வந்த பதில் சோகம் அல்ல, பழைய நாள்களை நினைத்து ஏங்கும் உணர்வு. அமைதியும் கனிவும்கூடப் பட்டியலில் இருந்தன. எனக்கு இதில் வியப்பில்லை. சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பாட்டி தன் பழைய இழப்புகளையும் சேர்த்தே அழுவாள். சுற்றியிருப்பவர்களும் அவரவர் ஆட்களை நினைத்துத்தான் அழுவார்கள். ஒருவர் அழத் தொடங்கினால் மற்றவர்களுக்கும் அழ இடம் கிடைக்கிறது. மைக்கின் முன்னால் அழுகிற 'நான்' என்பது காலியாக விட்டுவைக்கப்பட்ட இருக்கை போன்றது. ஜானி கேஷ் அதில் வந்து உட்கார்ந்தார். நீங்களும் உட்காரலாம்.

மகனின் மரணத்துக்குப் பிறகு நிக் கேவ் எழுதிய பாடல்கள் 2019இல் 'கோஸ்ட்டீன்' என்ற ஆல்பமாக வந்தன. முதலில் சொன்ன 'ஸ்கெலிடன் ட்ரீ'யைவிட அது வெளிச்சமானது என்பதுதான் வியப்பு. டிரம்ஸ் பெரும்பாலும் இல்லை. சின்தசைசரின் அலைகள் மேல் குரல் மிதக்கிறது. அதன் கடைசிப் பாட்டு 'ஹாலிவுட்' 14 நிமிடம் ஓடுகிறது. நெடுநேரம் சாலையிலும் கடற்கரையிலும் அலைந்துவிட்டு, முடிவில் கேவ் தன் குரலைச் சட்டென்று மிக உயரத்துக்கு ஏற்றி, கிட்டத்தட்ட ஒரு குழந்தையின் குரலில் ஒரு கதை சொல்லத் தொடங்குகிறார். கிசா என்ற பெண்ணின் குழந்தை இறந்துவிடுகிறது. அவள் புத்தரிடம் போகிறாள். யாருமே சாகாத வீட்டிலிருந்து ஒரு கடுகு வாங்கி வா என்கிறார் அவர். நமக்குத் தெரிந்த அதே கிசா கோதமி. அவள் ஊரில் ஒவ்வொரு வீடாகப் போகிறாள். எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் இறந்திருக்கிறார். அவள் உட்கார்ந்து அழுதுவிட்டு, குழந்தையைக் காட்டில் புதைக்கிறாள். ஆல்பம் முழுக்க மகனை ஒரு முறைகூடப் பெயர் சொல்லி அழைக்காத தகப்பன், வேறொரு தேசத்துப் பழங்கதையின் தாய்க்குத் தன் குரலைக் கொடுத்துவிட்டு, அமைதி எப்போது வரும் என்று காத்திருப்பதாகச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்.